மட்டாஞ்சேரிக்குப் படமெடுக்க வரும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. கொச்சி யூதர்களைப் படமெடுக்க அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

யூதத் தெரு வீடுகள் முக்கால்வாசி கடைகளாகிவிட்டன. இந்தத் தெருவில் வாழ்ந்த சாரா கோஹன் 2019இல் தமது 96ஆவது வயதில் காலமானார். 2024இல் க்வீனி ஹலேகுவாவும் போய்விட்டார். இப்போது பரதேசி யூதர்கள், அதாவது பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், இங்கே ஒருவர் இருவர் என்ற நிலைதான். எர்ணாகுளம் பக்கம், அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே வாழும் மலபார் யூதர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடாதே. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். 1568இல் கட்டிய பள்ளியில் (யூதர்களின் வழிபாட்டுக்கூடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வெளியூர் யூதர்கள் வந்தால்தான் இப்போது அது கூடுகிறது.

படமெடுக்க வருகிறவர்கள் பள்ளித் தரையின் நீலச் சீன ஓடுகளை எடுப்பார்கள். அப்புறம் ஜன்னல் கம்பி, சுருக்கம் விழுந்த ஒரு கை, பின்னால் இருட்டு. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் கை யாருடையது, அவர் யாருக்கு அக்கா, யாருக்கு அத்தை, ஒன்றும் தெரியாது.

1950களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கிளம்பினார்களே, அப்போது பாஸ்போர்ட் படத்துக்குத் தாத்தாவின் ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் பலர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டியே பள்ளி கட்டி வாழ்ந்தவர்கள், விரும்பித்தான் போனார்கள். தாத்தா ஒவ்வொரு நெகட்டிவ் கவர்மீதும் பென்சிலால் பெயர், தகப்பனார் பெயர், வீடு எழுதிவைப்பார். ஒரு கவரில் ஓர் அம்மாளும் மூன்று பிள்ளைகளும். கடைக்குட்டியின் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்ய அம்மாவின் கை எழும்போதே ஷட்டர் விழுந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று மறுபடி எடுத்திருப்பார், ஆனாலும் இதையும் தூக்கிப் போடவில்லை. சில வருஷம் முன்பு, இஸ்ரேலில் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி தெருவைப் பார்க்க வந்தார். கவரில் பெயர் இருந்ததால் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவருடைய சித்தியாம். கையில் வாங்கியதும் மலையாளத்தில்தான் பேச ஆரம்பித்தார்.

ஆகவே செல்வி, யாரை எடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுது. பக்கத்தில் இருப்பவர் யார், எந்த வீடு, இஸ்ரேலில் யார் இருக்கிறார்கள், எல்லாம் கேள். பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். யாரிடமாவது அந்த நோட்டு இருந்தால் முதலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல். படம் வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிரு. வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும் வரை ஓய்வுநாள், அப்போது கேட்கவே வேண்டாம்.

முடிந்தால் நெவாதிமுக்கும் ஒரு தடவை போய்வா. இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிண்ட் போய்ச் சேரணும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு.

அன்புடன்,
அப்பா