பழைய கார்களின் பெட்ரோல் ஹோஸும் கிளாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் அப்பா காலத்து பீட்டில், கார்ட்டினா, டட்சன் வண்டிகளை இன்னும் ஆசையாக வைத்திருக்கும் நம் குடும்பங்கள் எத்தனையோ. பெயின்ட், குரோம், சீட் என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார்கள், கல்யாணத்துக்கு மாலை போட்டு ஓட்டுகிறார்கள், பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பானட்டைத் திறந்தால் பெட்ரோல் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறது, முனையில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறது, சில வண்டியில் அதுவும் இல்லை, வெறும் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள். இது வேண்டாம், தயவுசெய்து.

கடையில் கிளாம்ப் கேட்டால் ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடுகிற, பட்டையில் கீறல் கீறலாக வெட்டியிருக்கும் திருகு கிளாம்பைத்தான் எடுத்துத் தருகிறார்கள். தடித்த தண்ணீர் ஹோஸுக்கு அது சரி. மெல்லிய பெட்ரோல் ஹோஸில் அது வட்டமாக உட்காராது, திருகு இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்தே நிற்கும், கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் ரப்பர் அந்தக் கீறல்களுக்குள் பிதுங்கி அறுபட்டுப் போகும். பெட்ரோலுக்கென்று இருக்கும் கிளாம்பில் கீறல் கிடையாது, பட்டையின் ஓரம் வெளிப்பக்கம் மடிந்திருக்கும், சின்ன போல்ட் போட்டு இறுக்குவது. இதை ஹோஸின் வெளி அளவுக்குத்தான் வாங்க வேண்டும். 8 மில்லி ஹோஸ் என்பது உள்ளளவு, வெளியே 13, 14 மில்லி வரும், ஹோஸ் துண்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். அப்புறம், ஹோஸ் மாட்டுகிற குழாயின் முனையில் ஒரு புடைப்பு இருக்கும். அதையும் தாண்டி ஹோஸை நன்றாக உள்ளே தள்ளிவிட்டு, கிளாம்பைப் புடைப்பின் மேலே இல்லாமல் அதற்குப் பின்னால் போட வேண்டும்.

ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே30 (SAE J30) என்று, அதாவது பெட்ரோல் ஹோஸுக்கான தர முத்திரை, அச்சடித்திருக்கிறதா பாருங்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு ஆர்6, ஆர்7 ரகம் போதும், ஆர்9 இன்னும் நல்லது.

கார்புரேட்டர் வண்டியில் பிரஷர் குறைவுதானே என்பவர்கள் உண்டு. குறைவுதான், ஆனால் சொட்டுகிற பெட்ரோல் விழுவது சூடான எக்ஸாஸ்ட் மேலே. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் கிளாம்ப் தளர்ந்தால் சொட்டக்கூடச் சொட்டாது, பம்ப் இழுக்கும்போது காற்றுதான் உள்ளே போகும், மேட்டில் வண்டி திணறும், கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றுவார்கள்.

பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1951 முதல் 1979 வரை நம் தென்னாப்பிரிக்காவிலேயே, யூட்டன்ஹாகில் செய்த வண்டி, அதனால்தான் இங்கே இவ்வளவு பீட்டில். அதில் பம்ப், கார்புரேட்டர், தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் எஞ்சின் மேலே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பித்தளைக் குழாய் வருடக்கணக்கில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும், கிளாம்ப் கெட்டியாகவே இருந்தாலும் ஹோஸோடு குழாயே கழன்று வரும். எஞ்சின் ஆறிய பிறகு அதை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்த எஞ்சின் பெட்டி மெக்னீசியக் கலவை, அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை இன்னும் கிளப்பும்.

ஈஸ்டர் வருகிறது. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போவோம், நெருக்கி நெருக்கி வண்டி நிறுத்துவோம், குழந்தைகள் பக்கத்தில் நிற்கும், கற்பூரம் எரியும். பெட்ரோல் வாசனை வந்தால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். புனித வெள்ளிக்கு முன்னாலேயே ஒரு சனிக்கிழமை பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் பார்த்து மாற்றுங்கள், மாற்றியபின் எஞ்சினை ஓடவிட்டு ஒரு தரம், ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம் தொட்டுப் பாருங்கள். உதிரிபாகக் கடைக்காரர்களும் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கிளாம்ப் கொடுத்தால் பெரிய உபகாரம்.

இப்படிக்கு,
பழைய கார் பிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்