பயத்தை விட்டு நட, ராமு

அன்புள்ள ராமு,

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டாய் என்று அறிந்து பெரிய நிம்மதி. ஆனால் மாடிப்படி ஏறுவதே இல்லை, தெருமுனைக்குக்கூடப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தால் டாக்டர்களே வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்கே அன்று எதிர்ப்பு! படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்.

பைபாஸுக்குப் பிறகு நான் போன இதய மறுவாழ்வுப் பயிற்சியில், நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டித்தான் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். முன்னும் பின்னும் பிபி பார்ப்பார்கள். வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பைப் பற்றியும் பேசினார்கள். அதைவிட, ராத்திரி நெஞ்சு லேசாகப் படபடத்தாலே வரும் பயத்தைப் பொறுமையாகக் கேட்டார்கள். எனக்கு மருந்து கொடுக்காத தைரியத்தை அந்த இடம் கொடுத்தது.

நம் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்ட மையங்கள் குறைவு, அதுதான் என் வருத்தம். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த கிட்டத்தட்ட 4,000 பேரிடம் யோகாவை வைத்து 12 வாரப் பயிற்சியைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் உடம்பு தேறியதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். பெரிய கருவி எதுவும் தேவைப்படாத வழி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

அப்புறம், அண்ணனுக்கு நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றாயே. அவரையும் உட்கார்த்தி வைக்காதீர்கள். வலி ஓரளவு வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடப்பதுதான் அதற்குப் பயிற்சியே. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டட்டும். பீடியை அவர் விட்டே ஆக வேண்டும்.

அடுத்த செக்கப்பில், “எனக்கு என்ன பயிற்சி, எவ்வளவு நேரம்?” என்று நீயாகவே கேள். தங்கச்சியையும் கூட்டிப் போ, அவள் பயமும் தெளியட்டும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நின்றுவிடு. விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
கணேசன்