டிசம்பர் 12: பூம்பாறை வான்நோக்கல்

அனைவருக்கும் வணக்கம். 2026 டிசம்பர் 12, சனி இரவு 9 முதல் 12.30 வரை கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்கு மேலே, போன முறை நின்ற அதே பூண்டு வயல் ஓரம். ஆண்டுதோறும் டிசம்பரில் பொழியும் ஜெமினிட் எரிமீன்கள் உச்சத்துக்கு வருவது மறுநாள்தான். ஆனால் திங்கள் பள்ளி உண்டு, அதனால்தான் சனி இரவே போகிறோம். பிறை நிலாவும் அதற்குள் மறைந்துவிடும், இருட்டு நன்றாக இருக்கும்.

1. தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண் போதும். மேற்கே வெளிர்மஞ்சளாக, மினுக்காமல் நிற்பது சனி. பதினொன்றரைக்கு மேல் கிழக்கில் வியாழன், அதற்குக் கீழே சிவப்பாகச் செவ்வாய். கார்த்திகையின் ஆறு மீன்களையும் பிள்ளைகளே எண்ணட்டும்.
2. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒரே ஒரு செல்போன் வெளிச்சம் எல்லார் கண்ணையும் கெடுத்துவிடும். தயவுசெய்து!
3. கம்பளி, குல்லா, பாய். தரையில் பனி ஈரம் ஏறும்.
4. காட்டுமாடு நடமாட்டம் உண்டு. யாரும் தனியாக நகர வேண்டாம்.

எத்தனை பேர், வண்டியில் இடம் உண்டா என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள். மூடுபனி இறங்கினால் சனி மாலை 6 மணிக்குத் தகவல் போடுகிறேன்.