பிள்ளைகளைப் பகலிலேயே பாட வைத்து அனுப்புங்கள்

சிறுவர் பாட்டுப் போட்டி நடத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

புதிய சீசனுக்குக் குரல் தேர்வு வைக்கப்போவதாக எங்கள் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் போன வாரம் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குள் 4 வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். நான் இங்கே அக்ஷயா என்ற இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். ரேஷன் கார்டு, வருமானச் சான்று என எது வேண்டுமானாலும் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். உங்கள் விண்ணப்பமும் அப்படித்தான் என் மேசைக்கு வந்திருக்கிறது. அதை நிரப்பக் கை வரவில்லை. அதனால் இந்த மடலை எழுதுகிறேன்.

முன்பு ஒரு சீசனில் என் அக்கா மகளோடு சென்னைக்கு வந்தவள் நான். பாப்பாவுக்கு அப்போது 11 வயது. அக்காவால் மாட்டையும் படுக்கையில் இருக்கும் மாமியாரையும் விட்டுவிட்டு வர முடியாது. மாமா தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறார். எனவே சித்தி நான்தான் துணை. எந்த சேனல் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே காத்திருந்த மற்ற பெற்றோர்களிடம் பேசியபோது, வேறு இடங்களிலும் இதே கதைதான் என்றார்கள்.

காலை 7 மணிக்கு மேக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறரைக்கே போய் நின்றோம். எட்டரைக்குள் தலை அலங்காரம் முடிந்துவிட்டது. முன்முடியைச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து, 23 ஹேர்பின் குத்தியிருந்தார்கள். அத்தனையையும் பிறகு எண்ணி எடுத்தவள் நான். ஜிகினா வைத்த கவுன் அவளுக்குப் பெரிசு, அதனால் முதுகுப் பக்கம் இழுத்து ஊக்குப் போட்டிருந்தார்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "அடுத்தது நீங்கதான், ரெடியா இருங்க" என்று 11 மணிக்குச் சொன்னார்கள். 3 மணிக்கும் அதையே சொன்னார்கள். இரவு 7 மணிக்கும் அதேதான்.

ஒன்பதரைக்குப் பிள்ளைக்குக் கண் சொருக ஆரம்பித்தது. என் சால்வையைத் தரையில் விரித்தேன். அங்கே வேலை செய்யும் பையன் ஒருவன் ஓடி வந்து, "அக்கா, படுக்க வைக்காதீங்க, முடி கலைஞ்சிடும்" என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனும் தூங்காமல்தான் நின்றிருந்தான். பாப்பா சாயவும் முடியாது, முதுகில் ஊக்கு குத்தும். அதனால் அவள் மோவாய்க்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். தலையை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு கை மரத்துப்போனால் மறு கையை மாற்றிக் கொடுத்தேன். ஏசி குளிரில் அவள் கால்விரல்கள் சில்லிட்டுப்போயிருந்தன. கிட்டத்தட்ட 4 மணி நேரம் அப்படியே இருந்தோம். அதற்குள் எத்தனை முறை கை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது.

1.40-க்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். மேக்கப் போய்விடுமாம், முகம் கழுவக்கூட விடவில்லை. எழுந்து போய்ப் பாடினாள். பல்லவியை நன்றாகத்தான் பாடினாள். சரணத்தின் மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. நடுவர் அன்பாகத்தான் பேசினார். "பயிற்சி பத்தலடா கண்ணா" என்றார்.

ஒளிபரப்பில் எல்லோரும் பார்த்தது அதை மட்டும்தான். பயிற்சி போதாத பிள்ளை. 18 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிள்ளை என்று திரையில் ஒரு மூலையில்கூட யாரும் போடவில்லை. திரும்பி வரும்போது, ரயில் சேலம் தாண்டியதும் அவள் என்னைக் கேட்டாள்: "தினமும் 5 மணிக்கு எந்திரிச்சுப் பாடினேனே சித்தி, அது பத்தாதா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வந்ததும் விதிகளைத் தேடிப் படித்தேன். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கலைஞர்களாகப் பங்கேற்க விலக்குக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, 2017-இல் வந்த விதிகளில் நிபந்தனையும் போட்டார்கள். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நிகழ்ச்சி நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். 5 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் இருக்க வேண்டும். எங்களைக் கவனித்துக்கொள்ள அப்படி யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. மேடையில் அவள் நின்றது 6 நிமிடம்தானே, மற்றதெல்லாம் காத்திருப்புதானே என்று நீங்கள் சொல்லக்கூடும். வேஷம் கட்டி, ஊக்குப் போட்டு, படுக்காதே என்று உட்கார வைத்த பிள்ளை வேலையில்தான் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து 5 மணி நேரம். நான் கேட்பது இதைத்தான்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குப் பெரிய கச்சேரிகளில் கூட்டத்தைக் கட்டிப்போடும் இளம் பாடகர்கள் எத்தனையோ பேர் சிறு வயதில் இப்படிப்பட்ட மேடையில் நின்றவர்கள்தான். எங்கள் பாப்பாவுக்கும் பாப் பாடகி ஆக வேண்டும் என்றுதான் ஆசை. மாமா வாங்கிக் கொடுத்த பழைய கீபோர்டில் தானே மெட்டுப் போடுகிறாள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்த ஸ்வர்ணலதா, 1987-இல் தன் முதல் சினிமாப் பாட்டைப் பாடியபோது சுமார் 14 வயதுப் பெண். அதற்கு இசையமைத்த எம்.எஸ்.விசுவநாதனும் இங்கே பக்கத்தில் எலப்புள்ளியில் பிறந்தவர். 1994-இல் வந்த ‘கருத்தம்மா’ படப் பாட்டுக்கு அந்தப் பெண் தேசிய விருது வாங்கினார். சின்ன வயதில் பாட வந்தால் கெட்டுப்போவார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

ஆனால் மைக்கேல் ஜாக்சனையும் நினைத்துப் பார்க்கிறேன். 1969-இல் அண்ணன்மார்களோடு சேர்ந்து அவர் பாடிய பாட்டு அமெரிக்காவையே பிடித்துக்கொண்டபோது அவருக்கும் 11 வயதுதான். ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு பூங்கா இருந்ததாம். அங்கே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று அழுததாக 1993-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். உலகமே கொண்டாடிய மனிதருக்கு முப்பது வயது தாண்டியும் அந்தப் பூங்கா மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்கள் பிரிட்ஜை மறைத்து வைக்கச் சொன்னார்கள். டிரைவர் வேலை பார்க்கும் மாமாவைத் தலையில் தேங்காய் மூட்டை தூக்கி நடக்கச் சொன்னார்கள். மகளுக்காக அவரும் நடந்தார், 3 தடவை. அதோடு பாப்பாவைக் ‘கேரளத்துச் சேச்சி’ என்று அறிமுகப்படுத்தி, மலையாளத்தில் பேசச் சொல்லிச் சிரித்தார்கள். 1956-இல் கேரளம் உருவாவதற்கு முன்பே, கொச்சி சமஸ்தானத்துக் காலத்திலேயே எங்கள் பெரியவர்கள் இங்கே தமிழ் பேசிக்கொண்டிருந்தவர்கள். பாப்பா படிப்பது தமிழ்வழிப் பள்ளி. இங்கே எங்களைப் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள், என்பார்கள். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வந்தால் நீங்கள் மலையாளி என்கிறீர்கள். பிள்ளை எங்கே போய் நிற்பாள்?

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். அந்த வருத்தங்களை நாங்களே ஆற்றிக்கொள்வோம். நேரத்தை மட்டும் தயவுசெய்து நீங்கள் சரி செய்யுங்கள். பெரியவர்களின் பகுதிகளை இரவில் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பகலிலேயே பாட வைத்து அனுப்பிவிடுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதைக் கூப்பிடும்போதே எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகள் படுக்க ஒரு அறையும் 4 பாயும் போடுங்கள். முடி கலைந்தால் மறுபடி சீவிக்கொள்ளலாம்.

அந்த 4 விண்ணப்பங்களும் என் மேசைமேல் இருக்கின்றன. அதில் ஒரு பையனுக்கு 9 வயது. அவன் தினமும் பள்ளி விட்டதும் வாசலில் வந்து நின்று, "அனுப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பி வைக்கிறேன். உங்களிடமிருந்து நேரம் எழுதிய ஒரு கடிதம் வந்தால், அன்றைக்கே அவன் விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறேன்.

பணிவுடன்,
ஒரு பாடும் பிள்ளையின் சித்தி
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்