வட்டம் நடத்தப் போகும் மகளுக்கு

உ
சிவமயம்

தேவகோட்டை

சௌபாக்கியவதி வள்ளிக்கு அப்பச்சி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே ஆத்தாவும் அப்பத்தாவும் சுகம். கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த உங்கள் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபையில் மாதம் ஒரு சாயங்காலம் ஹீலிங் சர்க்கிள், அதாவது நொந்தவர்கள் கூடி உட்கார்ந்து ஆறுதலும் பிரார்த்தனையும் தேடும் வட்டம், நடத்தும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். நமக்கு அது அந்நிய வீடும் இல்லை. 1795-லேயே வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் மதராஸில் ஒரு யூனிடேரியன் சபையைத் தொடங்கிவிட்டார்.

நிற்க. உங்கள் சபையில் இன்னதைத்தான் நம்ப வேண்டும் என்ற விதி இல்லை. 1985-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆன்மிக ஊற்றுகளின் பட்டியலில் மனிதரின் நேரடி அனுபவமே முதலாவதாக இருந்தது. அது பெரிய பலம். ஆனால் நம் பக்கத்தில் கோடாங்கி தப்பாகக் குறி சொன்னால் ஊர் திருப்பிக் கேட்கும். மடத்தில் பாடம் கேட்பவரைத் திருத்த குரு இருக்கிறார். உங்கள் வட்டத்தில் ஒருவர் "எனக்குத் தெரிந்தது" என்று சொல்லிவிட்டால் மரியாதைக்காக எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் தடுப்பை முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜான் மர்ரே ஸ்பியர் உங்கள் சபைக்கு முன்னோடியான யூனிவர்சலிஸ்ட் பிரிவில் போதகராக இருந்தவர்; அடிமை முறையை எதிர்த்தவர், கைதிகளுக்காக ஓடி உழைத்தவர். 1853-ல், ஆவிகள் சொல்கின்றன என்று மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் குன்றின் மேல் செம்பும் துத்தநாகமும் காந்தமும் வைத்து, உயிர் பெறும் என நம்பி ஓர் இயந்திரம் கட்டினார். அது உயிர் பெறவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, வள்ளி. உன்னைப் போல நல்ல மனசுக்காரர். அதற்காகத்தான் சொல்கிறேன்.

வட்டத்துக்கு ஆறு பேருக்குக் குறையாமல், பத்துப் பேருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள். பத்தைத் தாண்டினால் பேசாதவர் கடைசிவரை பேசாமலே போய்விடுவார். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் போதும். ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். மூச்சிரைப்பு உள்ளவர் யார் என்று உனக்குத் தெரியாது. விளக்கை ஏற்றியதும் நாலு விஷயத்தை ஒவ்வொரு மாதமும் வாய்விட்டுச் சொல்: இங்கே கேட்டது வெளியே போகாது, யாரும் யாருக்கும் நோயின் பெயரையோ வரப்போவதையோ சொல்லக்கூடாது, கேட்காமல் தொடக்கூடாது, மருந்தை நிறுத்தும் பேச்சே கூடாது. "போன மாதம் சொன்னோமே" என்று விட்டுவிடாதே. புதிதாக வருபவர் ஒருவராவது இருப்பார்.

மௌனம் பத்து நிமிஷம். அரை மணி, முக்கால் மணி என்று இழுப்பவர்கள் உண்டு. பழக்கமில்லாதவருக்கு அது ஆகாது. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், புதைந்து கிடந்த பழைய பயம் மேலே வரும். அப்படி ஒருவர் முகம் மாறினால் "இன்னும் ஆழமாகப் போங்கள்" என்று சொல்லவே கூடாது. கண்ணைத் திறக்கச் சொல், பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல், எதிரே தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல், ஒரு மடக்குத் தண்ணீர் கொடு. கண்ணை மூட விரும்பாதவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

கை வைத்துப் பிரார்த்திப்பதைச் சொல்கிறேன். "தொடலாமா, எங்கே?" என்று கேட்டு, அவர் சொன்ன இடத்தில் மட்டும், தோளிலோ முதுகிலோ, ஐந்து நிமிஷம். எப்போதும் இரண்டு பேராக நில்லுங்கள். மூடிய அறையில் ஒருவரோடு ஒருவர் தனியாக இருக்க வேண்டாம். உள்ளங்கையில் சூடு தெரியும். அது உடம்புச் சூடு. அதைச் "சக்தி பாய்கிறது" என்று நீ பெயரிட வேண்டியதில்லை, இல்லை என்று வாதாடவும் வேண்டாம். 1998-ல் ஒரு பள்ளிச் சிறுமி வடிவமைத்த சோதனை அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. தொடாமலே உடம்பின் சக்தியை உணர்வதாகச் சொன்ன 21 பேர், திரைக்குப் பின்னால் அவள் கை தங்களுடைய எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்று 280 தடவையில் 44 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு யூகித்தாலே பாதி சரியாக வரும். கை வைப்பதில் ஆறுதல் நிச்சயம் இருக்கிறது, நோயைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் அந்தக் கைக்கு இல்லை.

உடம்பு முடியாதவர் பெயரைச் சொல்லி எல்லாரும் பிரார்த்திக்க ஆசைப்படுவீர்கள். முதலில் அவரிடம் சம்மதம் கேள். 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். தனக்காகப் பிரார்த்தனை உண்டா இல்லையா என்று தெரியாத இரண்டு குழுவில் ஒன்றுக்குப் பிரார்த்தித்தார்கள், மற்றதற்கு இல்லை; இரண்டிலும் பின்சிக்கல் ஏறக்குறைய ஒன்றுதான், 52-ம் 51-ம் சதவீதம். பிரார்த்தனை உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களிடம் 59. "இத்தனை பேர் கும்பிடும் அளவுக்கா என் நிலை மோசம்?" என்ற கவலை காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். மேடையில் பெயரை அறிவிப்பதைவிட ஒரு ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுப்பது மேல்.

துக்கத்தில் இருப்பவர்கள்தான் உன்னிடம் அதிகம் வருவார்கள். செத்துப்போன கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், குரல் கேட்டது என்பார்கள். பயப்படாதே, பயமுறுத்தவும் செய்யாதே. டெவி ரீஸ் என்ற டாக்டர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971-ல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படி நேர்ந்திருக்கிறது, பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. படைப்பன்று பேழையைத் திறந்து, முன்னோருக்குப் புதுச்சேலையும் வேட்டியும் வைத்துக் கும்பிடும் வீட்டில் பிறந்தவள் நீ. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார உனக்குத் தெரியும். "அவர் என்ன செய்தி சொன்னார்?" என்று மட்டும் தூண்டாதே. ஆனால் குரல் கட்டளை போடுகிறது, பல ராத்திரி தூக்கமே இல்லை, இல்லாத வாசனை அடிக்கடி வந்து கூடவே நினைவு தப்புகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பு.

கனவு பலிக்கிறது என்பவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடு. எழுந்ததும், யாரிடமும் வாய் திறப்பதற்கு முன், தேதியும் மணியும் போட்டு, சரிபார்க்கக்கூடிய மூன்று விஷயத்தை எழுத வேண்டும். கனவுக்கு அர்த்தம் எழுதக்கூடாது. ஆறு மாதம் கழித்துப் பலித்ததையும் பலிக்காததையும் எண்ண வேண்டும். நடந்த பிறகு எழுதுவதுதான் இதில் எப்போதும் நேரும் தவறு. கனவு தானாக நிகழ்ச்சிக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். ஒருவருக்கு ஆபத்து என்று கண்டால் நடுராத்திரி போன் போட்டு அலற வேண்டாம். காலையில் வழக்கம்போலக் கூப்பிட்டுச் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும்.

ஒன்றைக் கவனித்துக்கொண்டே இரு. யாராவது பேசுவதற்கு முன் எல்லார் கண்ணும் ஒரே ஆள் பக்கம் திரும்பினால், அவருக்கென்று ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டால், அவர் "உனக்கு" என்று ஆரம்பித்துப் பேசினால், வட்டம் குறி கேட்கும் இடமாகிவிட்டது என்று தெரிந்துகொள். நடத்துபவரை மாதம் ஒருவராக மாற்று. காணிக்கைத் தட்டு வைக்காதே. அந்த ஆள் நீயாகவே இருந்தால் இரண்டு மாதம் பின்வரிசையில் உட்கார்.

பிள்ளையார் நோன்பு வருகிறது. புது வேட்டியிலிருந்து எடுத்த நூலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு இழையாகச் சேர்த்துக்கொள். நோன்பன்று 21-ஐயும் திரியாக்கி, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த உருண்டையில் நட்டு ஏற்று. நெய் வழியும்படி விடாதே, உதட்டில் சொட்டும். சுடரோடு வாய்க்குள் போட்டதும் உதட்டைச் சட்டென்று மூடு, காற்றில்லாமல் அணைந்துவிடும். தயங்கினால்தான் சுடும். இழையை எண்ணிப் பார், குறைந்தால் ஆத்தாவுக்குப் போன் பண்ணு.

அன்புடன்
அப்பச்சி