கைத்த உப்பு: விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் மகள் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் உப்புக் கொண்டுவந்தாள். பாடசாலையில் கடல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடிவரை வற்றவிட்டு எடுத்த உப்பாம். பெருமையோடுதான் நீட்டினாள். நாக்கில் வைத்தேன், கைத்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் பை நசநசவென்று ஈரமாகிக் கிடந்தது. "கடல் அழுக்கு அப்பா" என்றாள். வகுப்பிலும் அப்படித்தான் சொன்னார்களாம்.

அழுக்கு இல்லை, மக்னீசியம். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாம் கறிக்குப் போடும் உப்பு அதில் 27 கிராம் அளவுதான். மிச்சத்தில் பெரும்பங்கு மக்னீசியம் குளோரைட்டும் மக்னீசியம் சல்பேற்றும். கைப்பதும் ஈரத்தை இழுப்பதும் இவைதான். அடிவரை வற்றவைத்தால் எல்லாம் சேர்ந்துதானே வரும்? பாடத்துக்குப் பெயர் பிரித்தெடுத்தல். பிரித்தது தண்ணீரை மட்டும்.

உப்பளத்தில் யாரும் அடிவரை வற்றவிடுவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியம் தங்கிய கைப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு உப்பை வாருவார்கள். வாரியதையும் குவித்துப் போட்டு வைப்பார்கள், ஒட்டியிருக்கும் மக்னீசியம் வடியட்டும் என்று.

எனவே அடுப்பை விடுங்கள். கச்சான் காற்றைவிட நல்ல அடுப்பு நமக்கு எது? 10 லீற்றர் கடல் நீரை அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் முற்றத்தில் வையுங்கள். ஒரு லீற்றராக வற்றும்போது தெளிந்ததை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்; அடியில் தங்கும் வெள்ளைத் தூளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கால் லீற்றருக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு உப்பை எடுங்கள். வடித்த தண்ணீரைத் தனியாக வெயிலில் வைத்துப் பாருங்கள். இலேசில் காயாது. பரீட்சைக்குப் படம் கீறுவதைவிட அது மனதில் நிற்கும்.

இத்தனைக்கும் நம் ஊரின் பெயரே உப்புவெளி. நிலாவெளிப் பக்கம் போனால் உப்பளம். அங்கே ஒரு நாள் கூட்டிப்போனாலும் சரி.

மாரி பிடித்தால் அடுத்த கச்சான்வரை காத்திருக்க வேண்டும். அதனால் இரண்டாம் தவணையிலேயே தட்டுகளை வெளியே எடுங்கள். அப்புறம், மேலே ஒரு வலை போடுங்கள். காகம் சும்மா விடாது.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தகப்பன்