தண்ணீர்ச் சோதனையை முதலில் மாற்றுங்கள்

ஊசிமருந்து நிறுவனங்களின் தர ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியாவிலிருந்து வந்து காய்ச்சல் உண்டாக்கும் நச்சான எண்டோடாக்சினைக் கண்டறிய உங்கள் ஆய்வகத்தில் நடக்கும் சோதனைகளில் பெரும்பகுதி மருந்துக்கானவை அல்ல. ஊசிக்கான நீருக்கும் அது ஓடும் குழாய்களுக்குமானவை. அவற்றுக்குக் குதிரைலாட நண்டின் ரத்தம் இனித் தேவையில்லை.

அந்த நீல ரத்தத்திலிருந்து எடுக்கும், எண்டோடாக்சினைக் காட்டும் லால் (LAL) வினைப்பொருள், 1977 முதல் எத்தனையோ முயல்களை (முன்பு அவற்றுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள்) சோதனைக் கூண்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கடன் பெரிது. ஆனால் உயிருள்ள நண்டின் ஓட்டு மூட்டில் ஊசி ஏற்றி, ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார்கள். கடலில் திரும்ப விடுபவற்றில் 15 சதவீதம் சாவதாக அமெரிக்க அட்லாண்டிக் கரையின் மீன்வள ஆணையம் கணக்கிட்டுவந்தது. 30 சதவீதம் வரை சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆசியாவில் பல நண்டுகள் கடலுக்கே திரும்புவதில்லை, இறைச்சிக்கும் ஓட்டிலிருக்கும் கைட்டின் என்ற பொருளுக்கும் போகின்றன. பெண் நண்டு முட்டையிடும் வயதை எட்டவே சுமார் 10 ஆண்டுகள் ஆகும் என்பதால் இழப்பு எளிதில் ஈடாகாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரும் பிரித்தெடுத்த நண்டின் மரபணுவைக் கொண்டு, அதன் ரத்தத்தில் எண்டோடாக்சினை உணரும் 'ஃபேக்டர் சி' புரதத்தை இன்று ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள். மருந்துத் தர விதிகளின் தொகுப்பான ஐரோப்பிய மருந்து நெறிநூல் 2021 ஜனவரியிலும் அமெரிக்க நெறிநூல் 2025 மே மாதத்திலும் இதற்கு இடம் தந்துவிட்டன.

முதல் தடை கருவிதான். 405 நேனோமீட்டரில் நிற அடர்த்தியை மட்டும் அளக்கும் தட்டு அளவி போதாது. 380-இல் தூண்டி 440-இல் ஒளிர்வை அளப்பது வேண்டும். நீரின் வரம்பு மில்லிலிட்டருக்கு 0.25 எண்டோடாக்சின் அலகு. அதைவிட நன்கு தாழ்ந்த புள்ளியில் அளவீட்டுக் கோட்டைத் தொடங்குங்கள். பிறகு ஒரே மாதிரியை இரு முறைகளிலும் பாருங்கள். மாதிரியில் தெரிந்த அளவு சேர்த்த எண்டோடாக்சினில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் மீட்பு வரவேண்டும். குறைந்தால் முதலில் திட்டக் கரைசலை (ஒப்பிட வைக்கும், எண்டோடாக்சின் அளவு தெரிந்த கரைசல்) சந்தேகியுங்கள்: போதுமான நேரம் சுழற்றிக் கலக்காவிட்டால் எண்டோடாக்சின் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கலங்கள் 250 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடானவையாக இருக்கட்டும். மருந்து மாதிரிகளில் உள்ள ஈடிடிஏ, சிட்ரேட் போன்ற சேர்மங்கள் வினையைத் தடுக்கக்கூடும். அனுமதித்த அதிகபட்ச எல்லைக்குள் மாதிரியை நீர்க்கச் செய்து பாருங்கள்.

லால் கூடுதலாகவும் புது முறை குறைவாகவும் காட்டினால் உடனே புதியதைக் குறை சொல்லாதீர்கள். செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளுக்கும் லால் வினைபுரியும், ஃபேக்டர் சி புரியாது. குளூக்கானைத் தடுக்கும் கரைசலோடு லாலை மீண்டும் ஓட்டினால் விடை தெரிந்துவிடும்.

நீருக்குப் பின் மூலப்பொருள்கள், இடைநிலை மாதிரிகள். முறை மாற்றத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவைப்படும் முடிவு மருந்துகள் கடைசியாக வரட்டும். அடுத்த லால் கொள்முதலுக்குக் கையெழுத்திடும் முன், நீர்ச் சோதனைகளுக்கு ஆகும் பங்கைத் தனியே எண்ணி அதில் கழித்துவிடுங்கள்.